நாலாவது குடைக்காரன்

என் வீட்டுக்காரர் குடைக்காரன் படத்தின் நாலாவது பார்ட்டுக்கு வக்காலத்து வாங்குவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. எதிர் போர்ஷனில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் சிலர் குடியிருக்கிறார்கள். சேலம், ஈரோடு பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சி.டி. வாங்கி வந்து ஆறாவது பார்ட்டைப் போட்டுவிட்டு, "அங்கிள், உங்க ஆளு வந்துட்டாரு, வாங்க" என்று கூப்பிடுவார்கள். இவர் போய் உட்காருவார். கம்ப்யூட்டரில் வரைந்த குடை ஒன்று ஆகாயத்தில் தானாகப் பறந்து பத்துப் பேரை அடிக்கும். "இதுக்கு நாலாவது எவ்வளவோ தேவலாம்பா. அதுல மனுசன் கையால சுத்துனான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

இதே மனுஷர்தான், நாலாவது பார்ட்டு ஓடின தியேட்டர் இருந்த திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று வருஷக்கணக்கில் வீம்பு பிடித்தவர். அந்த வீம்பினால் எங்கள் வீட்டில் பட்ட பாட்டைச் சொல்வதற்கு முன்னால் போர்டு அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நாங்கள் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். பெங்களூரில் வட்டாரா என்று சொல்லும் வரிசை வீடுகள். ஒரு கேட், ஒரு குழாய், நடுவில் ஒரு முற்றம், சுற்றி ஆறு குடும்பம். அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து வருகிற போன்களை உள்ளே இருக்கிறவர்களுக்கு இணைத்துக் கொடுக்கும் வேலை. அதனால் போர்டு அக்கா. வேலைப் பழக்கம் வீட்டிலும் போகாது. சாம்பார் பொங்குகிற நேரத்தில் வாசலில் யாராவது கூப்பிட்டால், அடுப்பைப் பார்த்து "ஹோல்ட் ஆன்" என்பார். குட்டையான, கனத்த உடம்பு. சிரித்தால் ஆறு வீட்டுக்கும் கேட்கும்.

அக்காவுக்குக் கடவுள் குழந்தை இயேசு. அடுத்த இடம் குடைக்காரனுக்கு. ஹாங்காங்கில் எடுத்து, இங்கிலீஷில் குரல் கொடுத்து, கண்டோன்மென்ட் பக்கத்துத் தியேட்டர்களில் காலைக் காட்சியாக வந்துகொண்டிருந்த சண்டைப் படம் அது. ஊர் ஊராகப் போய்க் குடை ரிப்பேர் செய்கிற ஒருவன். கையில் கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது, ஒரு கறுப்புக் குடைதான். அநியாயம் செய்கிறவனை அந்தக் குடையாலேயே அடித்து நொறுக்கிவிட்டு, மழையில் நடந்து அடுத்த ஊருக்குப் போய்விடுவான். சொந்த ஊர்க் கோடியில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அவன் மனைவி, இவன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கதை இவ்வளவுதான். இதை ஆறு பார்ட்டு எடுத்தார்கள்.

நான் சினிமாப் பைத்தியம் இல்லை. பைத்தியங்கள் மூன்று பேருக்கு நடுவில் வாழ்ந்தவள். அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர். அக்கா வீட்டுக்காரரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். பிரிண்டிங் பிரஸ்ஸில் மெஷின்மேன். முதல் மூன்று பார்ட்டையும் இவர்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். ஒரு தடவையா, எத்தனை தடவை என்று அவர்களுக்கே தெரியாது. புதுப் பார்ட்டு வெள்ளிக்கிழமை வருகிறதென்றால், வியாழக்கிழமை கோயில் நவநாள் ஜெபத்தில் அக்கா ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றுவார். படம் நல்லாயிருக்கணும் என்று அதற்கு வேண்டுதல்.

இருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அக்காவின் கைங்கரியத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ் வசனம் ஓட ஓட அக்கா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். வசனகர்த்தா எழுதாததையும் சேர்த்துச் சொல்வார். வில்லன் ஒரு வரி பேசினால் அக்கா மூன்று வரி பேசுவார். முன்வரிசைப் பையன்கள் திரும்பி, "அக்கா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்பார்கள்.

ஆனால் அக்காவின் உண்மையான திறமை ஓட்டை அடைப்பது. குடைக்காரன் படங்களில் ஓட்டைக்கா பஞ்சம்? முதல் பார்ட்டில் இடது கன்னத்தில் இருந்த தழும்பு மூன்றாவதில் வலது கன்னத்துக்கு வந்துவிட்டது. தியேட்டரே கூச்சல் போட்டது. அக்கா மட்டும் அசரவில்லை. "இன்னொரு பக்கமும் அடி வாங்கியிருப்பான். பழசு ஆறியிருக்கும். அவன் பண்ற தொழிலுக்கு ஒரு தழும்போட நிக்குமா?" என்றார். முதல் பார்ட்டில் மலையிலிருந்து விழுந்து செத்த வில்லன் மூன்றாவதில் சிரித்துக்கொண்டு வந்து நின்றான். "ஏன், நம்ம ஓனரம்மா தம்பி குடிச்சிட்டு மாடிலேருந்து வுழுந்து, மறுநாள் பால் வாங்கப் போவல?" என்றார்.

இரண்டாவது பார்ட்டில்தான் பெரிய சிக்கல். அதில் குடைக்காரன் குடித்துவிட்டு வந்து மனைவியைத் திட்டிக் கடையை விட்டு வெளியே தள்ளுவான். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அண்ணனும் என் வீட்டுக்காரரும் இடைவேளையில் டீ குடிக்கக்கூட மனசில்லாமல் நின்றார்களாம். அக்கா போஸ்டரைப் போய் உற்றுப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார்.

"பேரைப் பாருங்க. இது வேற டைரக்டர் எடுத்தது. அவனுக்கு நம்ம ஆளைத் தெரியாது. போவட்டும் விடுங்க."

அந்த வாக்கியம் படத்தை விட்டு இறங்கி வட்டாராவுக்குள் வந்துவிட்டது. ஒரு சம்பள நாளில் அண்ணனே குடித்துவிட்டு வந்து, முற்றத்தில் நின்று அக்காவைக் கன்னாபின்னாவென்று பேசினார். அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. மறுநாள் காலையில் குழாயடியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அக்கா காப்பி டம்ளரைக் கையில் கொடுத்து, "நேத்து ஓடினது வேற டைரக்டர் எடுத்தது. போய்க் குளிங்க" என்றார். அண்ணன் அதற்கப்புறம் குடிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் குடித்தால் சத்தம் போடாமல் வந்து படுத்துக்கொள்வார்.

ஓனரம்மாவுக்கு அக்கா வைத்திருந்த மருந்து வேறு. ஓனரம்மா கன்னடக்காரர். தண்ணீரை வீணாக்கினால், கேட்டைத் திறந்து போட்டால், குழந்தை சுவரில் கிறுக்கினால், தமிழும் கன்னடமும் கலந்து ஒரு பிடி பிடிப்பார். புதிதாகக் குடிவந்த நான் அழுதுவிட்டேன். அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

"வாய பாரும்மா, குரல கேக்காத. டப்பிங் சரியில்ல அந்தம்மாவுக்கு. வாய் ஒண்ணு சொல்லுது, குரல் ஒண்ணு சொல்லுது."

காவிரிக் கலவரம் வந்த வாரம் அது சரிதான் என்று தெரிந்தது. தெருவில் கூட்டமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு ஒரே வீட்டில் அடைந்து கிடந்தோம். ஓனரம்மா கேட்டைப் பூட்டிவிட்டு, அதற்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வந்து கேட்டவர்களிடம் கன்னடத்தில், உள்ளே இருப்பதெல்லாம் என் சொந்தக்காரர்கள், வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள் என்று அவர் போட்ட அதட்டல் உள்ளே எங்களுக்குக் கேட்டது. அந்தப் பயத்திலும் அக்கா என் தொடையைக் கிள்ளி, "இன்னிக்குத்தான் ஒரிஜினல் குரல் வருது" என்று கிசுகிசுத்தார். அதற்கப்புறம் ஓனரம்மா திட்டினால் நான் அழுததே இல்லை.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் மழை பிடித்தால் அவருக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. வளைந்த மரக் கைப்பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை ஒன்று வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி, குடைக்காரனின் கடைசிச் சண்டையை அப்படியே போடுவார். என் வீட்டுக்காரர்தான் வில்லன்களின் கூட்டம் முழுவதும். தனி ஆளாகப் பத்துப் பேருடைய அடியையும் வாங்கிச் சேற்றில் விழுவார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து நூடுல்ஸ் கடைக்காரி பார்க்கிற மாதிரி பார்ப்பார். துணி துவைக்கிறவள் நான். எனக்கு வருகிற கோபத்தில் குடையைப் பிடுங்கி இரண்டு பேரையும் சாத்தலாம் போல இருக்கும்.

மூன்றாவது பார்ட்டு வந்துபோன மறு வருஷம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நாளில் போய்விட்டார். பிள்ளைகள் கிடையாது. அந்தக் குடையை அக்கா என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். இவர் அதை எங்கள் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தார். எவ்வளவு மழை பெய்தாலும் அதை எடுக்க மாட்டார். நனைந்துகொண்டே பஸ் ஏறுவார்.

நாலாவது பார்ட்டு வந்தபோது அதில் பழைய நடிகர் இல்லை. சம்பளத் தகராறு என்றார்கள், உடம்பு சரியில்லை என்றார்கள். யாரோ ஒரு புதுப் பையன் குடையைப் பிடித்துக்கொண்டு போஸ்டரில் நின்றான். என் வீட்டுக்காரர் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். "மூணோட முடிஞ்சிச்சு. அவ்வளவுதான்" என்றார். எங்கள் வீடு செத்த வீடு மாதிரி இருந்தது. அக்கா வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி வர மாட்டான். நீ வாம்மா. தனியாப் போனா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

போனேன். புது ஆள் திரையில் வந்ததும் விசில், கூச்சல், செருப்புகூட ஒன்று பறந்தது. அக்கா அன்றைக்குத் தமிழில் ஒன்றும் சொல்லவில்லை. கடலையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார். பாதிப் படத்துக்குமேல் மழை வந்தது. புது ஆள் குடையை விரித்தான். நூடுல்ஸ் கடை வாசலில் அதே மனைவி, அதே நடிகைதான், கொஞ்சம் வயசாகியிருந்தாள், அவனைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா மெதுவாக ஒரு கடலையை உரித்து வாயில் போட்டார்.

"கை புதுசு. குடை அதேதான்" என்றார். அப்புறம் வழக்கம்போல் வசனம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து குழாயடியில் அக்காவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஓயாத வழக்கு.

"அது குடைக்காரனே இல்லக்கா."

"அப்ப யாரு தம்பி? பால்காரனா?"

"நீங்க அந்தாளை ஒத்துக்கிட்டா பழைய ஆளுக்கு இன்னா மரியாதை?"

"புது ஆளு வந்தா பழசு அழிஞ்சிடுமா? அந்த மூணும் பொட்டிக்குள்ள பத்திரமாத்தான் இருக்குது. யாரும் எடுத்து நெருப்புல போடல."

இதெல்லாம் சிரிப்பும் கேலியுமாக ஓடிக்கொண்டிருந்தவரைக்கும் எனக்கும் பொழுதுபோனது. பிறகு அக்கா ஒருநாள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, வெங்காயம் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். உரித்துக்கொண்டே இருந்தார், வெங்காயமே தீர்ந்துபோகும் போல இருந்தது. அக்காவின் கம்பெனிக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்ய வருகிற ஒருவர், தொம்மலூர்க்காரர், தன்னைப் போலவே வேதக்காரர்தான், மனைவியை இழந்தவர், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார் என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்காக்கா?"

"லிஃப்ட்டு நல்லா இருக்கும்போதும் வந்து பார்த்துட்டுப் போறாருமா" என்று சொல்லிவிட்டு, முகமெல்லாம் சிவந்து வெங்காயத்தின் மேல் பழி போட்டார்.

எனக்குச் சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன். ஆனால் அக்கா வந்தது அதற்காக இல்லை. கோயிலில் கல்யாணத்தன்று பெண்ணைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போக அப்பாவோ அண்ணன் தம்பியோ வேண்டும். அக்காவுக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. என் வீட்டுக்காரர் வர வேண்டும் என்று கேட்டார்.

நான் இவரிடம் சொன்னேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் அக்காவே குழாயடியில் கேட்டபோது, "வேற யாரையாவது கேளுங்கக்கா" என்று குடத்தைப் பாதி நிரம்பினபடியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன்பின் அக்கா கண்ணில் படாமல் காலையில் சீக்கிரம் கிளம்புவார். படத்தைப் பற்றிக்கூடச் சண்டை இல்லை. ஓனரம்மா என்னிடம், "ஏனாயித்து, என்ன ஆச்சு? உன் கண்டன், உன் புருஷனுக்குப் பேய் பிடிச்சுதா?" என்று கேட்டார்.

எத்தனையோ ஓட்டையை அடைத்த அக்காவுக்கு இதை எப்படி அடைப்பதென்று தெரியவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

"தம்பி வரலன்னா கல்யாணம் நின்னுடும்னு இல்லமா. ஆனா உங்கண்ணன் பக்கத்துலேருந்து ஒரு ஆளு வந்து கையைப் புடிச்சாத்தான், நான் அவர விட்டுட்டுப் போற மாதிரி இருக்காது."

என் வீட்டுக்காரரிடம் அன்றைக்கு நான் பேசின பேச்சுக்கு டப்பிங் எல்லாம் சரியாகவே இருந்தது. இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிஃப்ட்காரர் தானே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் வெண்ணெய் பிஸ்கட் பொட்டலம். ஒல்லியான, கூச்சப்படுகிற மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்தார். நான் காப்பி கொடுத்தேன். அக்கா தன் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என்ன பேசுவதென்று தெரியாமல் அந்த மனிதர், பேசவே கூடாத ஒன்றைப் பேசினார்.

"நீங்க குடைக்காரன் ரசிகர்னு சொன்னாங்க சார். நானும் பார்த்திருக்கேன். நாலாவது. சக்கத்தா இருந்திச்சு, ரொம்பப் பிடிச்சுது."

வெளியே அக்கா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"மத்த மூணும்?"

"பாக்கல சார். எனக்குப் படம் பார்க்கிற பழக்கம் கம்மி. நாலாவதுலதான் உள்ள நுழைஞ்சேன். முன்னாடி இன்னா நடந்திச்சுன்னே தெரியாது." காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியாம இருக்கக் கூடாதுன்னு தோணுது. நீங்க கூடவே இருந்து பார்த்தவரு. சொல்லுங்களேன்."

என் வீட்டுக்காரர் வெடுக்கென்று எழுந்தார். போச்சு, வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இவர் கதவுக்குப் பின்னால் போய் அந்தக் குடையை எடுத்தார்.

முற்றத்தில் இறங்கி, முதல் பார்ட்டிலிருந்து ஆரம்பித்தார். பாட்டைக்கூட விடவில்லை. சண்டை வரும்போது குடையைச் சுற்றிக் காட்டினார். ஓரிடத்தில், "இங்க அண்ணன் இப்படி ஒரு சுத்து சுத்திட்டு, அக்காவைத் திரும்பிப் பார்ப்பாரு" என்றார். சொன்னது குடைக்காரனையா அண்ணனையா என்று இவருக்கே தெரியவில்லை. லிஃப்ட்காரர் குறுக்கே கேட்டதெல்லாம் அண்ணனைப் பற்றித்தான். உயரமா இருப்பாரா? இடது கையா? மழையில நனைஞ்சா அக்கா திட்டுவாங்களா? இவர் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். ஆறு வீட்டு ஜனங்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஓனரம்மா நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் போன பிறகு அண்ணனைப் பற்றி என் வீட்டுக்காரர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

தெரு விளக்கு எரிகிற நேரத்துக்கு மூன்றாவது பார்ட்டு முடிந்தது. இவர் குடையை மடக்கினார். மூச்சு வாங்கியது.

"அப்புறம்?" என்றார் லிஃப்ட்காரர்.

இவர் கொஞ்ச நேரம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு அதை அவரிடம் நீட்டினார்.

"அப்புறம் நாலாவது. அத நான் பாக்கல. நீங்கதான் சொல்லணும்."

லிஃப்ட்காரருக்குக் கதை சொல்ல வரவில்லை. வில்லனை ஆரம்பத்திலேயே கொன்றுவிட்டார், மழைக் காட்சியை எங்கோ கொண்டுபோய் வைத்தார், குடையைத் தலைகீழாகப் பிடித்தார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே அவர் சொன்ன தப்பையெல்லாம் திருத்தினார்.

கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஃபாதர் பூசையில் அறிவிப்பார். கல்யாணத்தன்று மட்டும் போனால் போதும் என்று நான் சொல்லியும் கேட்காமல், என் வீட்டுக்காரர் நெற்றியில் விபூதியோடு மூன்று ஞாயிறும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தடை இருந்தால் சொல்லலாம் என்று ஃபாதர் சொன்ன உடனே எழுந்து நின்றுவிடுவாராம். எல்லாரும் திடுக்கிட்டுப் பார்ப்பார்களாம். இவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எவன் வாயைத் திறக்கிறான் பார்க்கலாம் என்பதுபோல் ஒவ்வொரு பெஞ்சாக முறைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாராம்.

"தம்பி முறைச்ச முறைப்புல, தடை சொல்ல நெனச்சிருந்தா ஃபாதரே வாபஸ் வாங்கியிருப்பாரும்மா" என்று சொல்லி, ஆறு வீட்டுக்கும் கேட்கும்படி அக்கா சிரித்தார்.